வேண்டாம் என்று சொல்லும் உரிமை

கடல் கடந்து வந்த வேதம் – 8

சென்ற வாரம் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்தோடு நின்றோம். இந்த வாரம் பாக்கு நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணம் போகிறோம். பல சமயத்தார் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஊரில் ஒரு சபை தன் செய்தியை எப்படிச் சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தைப் போல விரிவாகப் பதில் சொல்லும் இடம் தமிழுலகில் வேறில்லை. ஒரே கிராமங்கள், சில இடங்களில் ஒரே கோயிற் சுவர்கள், இரண்டு வகையான ஊழியத்தைக் கண்டிருக்கின்றன. முதலாவது ஆட்சியின் பலத்தோடு வந்தது. இரண்டாவது எந்தப் பலமும் இல்லாமல் வந்தது. இரண்டும் விட்டுச் சென்றவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயம்.

தோம்பில் ஏறிய விசுவாசம்

1619இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1621இல் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். ஊர்தோறும் மாதா கோயில்கள் எழுந்தன. வீட்டுக்கு வீடு முறை வைத்து அதிகாரிகளின் உணவுக்குப் பசு கொடுக்க வேண்டும் என்று கட்டளை பிறந்ததாகவும், தன் முறை வருமுன் ஞானப்பிரகாசர் என்ற சைவர் ஊரைவிட்டே வெளியேறிச் சிதம்பரம் போய்ச் சேர்ந்ததாகவும் யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். சிதம்பரத்தில் ஞானப்பிரகாசர் குளம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மறுக்க நினைத்தவனுக்கு அன்று இருந்த ஒரே வழி, ஊரை விட்டுப் போவது.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திவிட்டு, அதே கோயில்களைத் தங்கள் சீர்திருத்த சபையின் கோயில்களாகவும் பள்ளிகளாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அரசு உத்தியோகம் வேண்டுமா, கலியாணம் பதிவாக வேண்டுமா, அப்பன் சொத்து பிள்ளைக்குச் சேர வேண்டுமா, ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறின. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டாருக்குத் தண்டம் விதித்தார்கள். இதனால் ஏட்டில் யாழ்ப்பாணம் ஏறத்தாழ முழுக்கக் கிறிஸ்தவ நாடாயிற்று. வீட்டில் விபூதி மடல் இருந்த இடத்தில் இருந்தது.

இந்த நெருக்குதலுக்கு ஆளானவர்கள் சைவர்கள் மட்டும் அல்லர். ஒல்லாந்தருக்கு இணங்க மறுத்த கத்தோலிக்கக் குடும்பங்களும் ஆளாயின. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குரு எளிய கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். சில்லாலை போன்ற ஊர்களில் ஒளிந்து இருந்து, இரவில் பூசை வைத்து, தங்கள் விசுவாசத்தை விட மறுத்த மக்களைத் தாங்கினார். 2015இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். கிறிஸ்தவ அரசு ஒன்று கிறிஸ்தவர்களையே ஒளிந்து வழிபட வைத்தது என்பதை இந்தத் தொடரில் நாம் மறந்துவிடக் கூடாது.

1795இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஞானஸ்நானத்துக்கும் உத்தியோகத்துக்கும் இருந்த முடிச்சு தளர்ந்தது. சில ஆண்டுகளில் தோம்புகளில் இருந்த கிறிஸ்தவர்கள் கரைந்து போனார்கள். சைவக் கோயில்கள் வெளிப்படையாக எழுந்தன. சீர்திருத்த சபையின் பெரிய கற்கோயில்கள் கூரை இழந்து செடி முளைத்துக் கிடந்தன. அதே காலத்தில், ஒன்றரை நூற்றாண்டு ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கம் கரையாமல் நின்றது. மறுத்துப் பழகியவர்களின் விசுவாசம் தங்கியது. மறுக்க வழியில்லாமல் ஏற்றவர்களின் விசுவாசம் அரசு மாறியதும் போயிற்று. இதைவிடத் தெளிவான சான்று ஊழியம் செய்வோருக்கு வேண்டியதில்லை.

கையில் ஆணை இல்லாமல் வந்தவர்கள்

அந்தக் கூரை இழந்த கோயில்களுக்குத்தான் 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து சேர்ந்தார்கள். பாஸ்டனை மையமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பிய டானியேல் பூவர் தெல்லிப்பழையில் குடியேறினார். பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டைக்குப் போனார்கள். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன சுவர்களுக்குக் கூரை போட்டு வேலையைத் தொடங்கினார்கள். பின்னர் மிரன் வின்ஸ்லோ, லெவி ஸ்போல்டிங், டாக்டர் ஜான் ஸ்கடர் முதலியோர் வந்தார்கள். உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று நிலையங்கள் பெருகின. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இந்த ஜான் ஸ்கடரின் பேத்தி.

இவர்களுக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் போரிட்டு ஓய்ந்து ஒன்றிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இலங்கையின் ஆங்கிலேய ஆட்சி இவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. 1820இல் அச்சுவேலை தெரிந்த ஜேம்ஸ் காரெட் வந்து இறங்கியபோது, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் நிர்வாகம் அவரை வெளியேறச் சொல்லிவிட்டது. புதிய அமெரிக்க மிஷனரிகள் வரத் தடை 1833 வரை நீடித்தது. ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று கட்டளையிட இவர்களால் முடியாது. அனுப்புங்கள் என்று கேட்கத்தான் முடியும்.

கேட்டுப் பெற வேண்டிய நிலை அவர்களுடைய வேலையின் தன்மையையே மாற்றியது. தமிழ் கற்றார்கள். ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்ததால் சைவ நூல்களைப் படித்தார்கள். பள்ளிக்கூடம் ஊராருக்குப் பயன்படுவதாக இருந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் ஊரார் மதித்த கல்வியைத் தந்தார்கள். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. அவர்களில் எட்வர்ட் வாரன் 1818இல், ரிச்சர்ட்ஸ் 1822இல், உடுவிலில் பெண்கல்விக்கு வித்திட்ட ஹேரியட் வின்ஸ்லோ 1833இல் இறந்தார்கள். டானியேல் பூவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியில் மாண்டார்.

சமையற்கட்டும் கிரகணமும்

1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. முதல் அதிபர் பூவர். தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம், தருக்கம் என்று பாடத்திட்டம் விரிந்தது. இலங்கையின் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், இந்தச் செமினரி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தக்கது என்று 1850இல் வெளிவந்த தன் நூலில் பாராட்டினார்.

அடுத்த ஆண்டு, 1824இல், உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி எழுந்தது. முதலில் இரண்டு சிறுமிகள் தயங்கித் தயங்கி வந்து தையலைப் பார்த்துப் போனார்கள் என்றும், மழை பெய்த ஓர் இரவு வீட்டுக்குத் திரும்ப முடியாமல் துரைசானி வீட்டில் உண்டு தங்கினார்கள் என்றும், அதிலிருந்தே விடுதி தொடங்கியது என்றும் உடுவிலின் வரலாற்றைச் சொல்வோர் கூறுவார்கள். 1840இல் வந்த எலைசா அக்னியூ நாற்பது ஆண்டுக் காலம் அந்தப் பள்ளியை நடத்தினார். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் இலங்கையிலேயே இறந்தார். பாட்டி, தாய், பேத்தி என மூன்று தலைமுறை அவரிடம் படித்தது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட சமூகத்தில் இது எவ்வளவு பெரிய திறப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பள்ளிகளில் ஒரு சங்கடமும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. விடுதிப் பிள்ளைகளின் சோறும் துணியும் அமெரிக்கக் கொடையாளர்களின் பணத்தில் வந்தன. பணம் கொடுத்தவரின் பெயரை, அல்லது அவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். ஹென்றி மார்ட்டின், சேத் பேசன், நத்தானியேல் நைல்ஸ், ஆர்னல்டு, கரோல் என்று யாழ்ப்பாணத்துப் பையன்கள் பெயர் பெற்றார்கள். உடுவிலில் படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷன் ஒரு சிறு சீதனமும் கொடுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று, உண்ணும் சோற்றையும் படிக்கும் படிப்பையும் தன் பெயரையும் ஒரே கையிலிருந்து வாங்கும்போது, அந்தக் கை நீட்டும் விசுவாசத்தை வேண்டாம் என்று சொல்ல அதனால் முடியுமா? ஒல்லாந்தரின் தோம்போடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடந்து போகவும் முடியாது.

பிள்ளைகளின் பெற்றோரும் வாய் மூடி இருக்கவில்லை. மிஷன் வளவுக்குள் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்றார்கள். சாதி ஆசாரம் பார்த்துச் சமையலுக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. தேவன் முன் எல்லோரும் ஒன்று என்று போதித்தவர்கள், சமையற்கட்டில் சாதிக்கு இடம் விட்டார்கள். அதை விட்டிருக்காவிட்டால் செமினரியே இருந்திருக்காது என்பதும் உண்மை.

1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தையும் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்துவந்தவர் விசுவநாத சாஸ்திரியார். அந்த ஆண்டு மார்ச் 20ஆம் தேதி வரவிருந்த கிரகணத்துக்கு அவர் குறித்த நேரமும் மறைப்பின் அளவும் பூவர் கணித்தவற்றோடு பொருந்தவில்லை. பூவர் அதை ஊரறியச் சொன்னார். அன்றிரவு வானம் பூவரின் கணக்குப்படியே நடந்தது. பஞ்சாங்கம் பொய்த்தால் புராணமும் பொய்க்கும், புராணம் பொய்த்தால் சைவம் ஆட்டம் காணும் என்பது மிஷனரிகளின் எதிர்பார்ப்பு. ஊரார் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கில் பிசகு என்றால் கணக்கைத் திருத்துவோம், சிவனைக் கும்பிடுவதற்கும் கிரகண நாழிகைக்கும் என்ன தொடர்பு என்றார்கள். பூவர் தந்த வானசாஸ்திரத்தை அவர்கள் ஏற்றார்கள். அதன் தோளில் ஏற்றி அனுப்பிய முடிவை ஏற்க மறுத்தார்கள். யாழ்ப்பாணத்து மிஷன் வரலாறு முழுவதும் இந்த இரட்டைப் பதில் தொடர்கிறது.

நல்லூரிலிருந்து வந்த மறுப்பு

எழுத்தில் எழுந்த மறுப்புக்கு முன்னோடிகளில் ஒருவர் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயர். கும்மிப் பாட்டிலேயே மிஷனரிகளின் போதனையை எதிர்த்தார். 1841 ஜனவரியில் அமெரிக்க மிஷன் ‘உதயதாரகை’ இதழைத் தொடங்கியது. செமினரியில் படித்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அதன் ஆசிரியர்கள். கந்தபுராணத்தை அந்த இதழ் விமரிசித்தபோது சைவர்கள் அதே இதழுக்குக் கடிதம் எழுதி மறுத்தார்கள். எதிராளியின் கடிதத்தையும் அச்சிட்டது அந்த இதழின் பெருமை.

இந்த மறுப்புக்கு முழு உருவம் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். 1822இல் நல்லூரில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பேர்சிவலின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். திருநீறு அணிந்தபடியே பாடம் சொன்னார் என்று அவருடைய சரித்திரங்கள் கூறுகின்றன. பேர்சிவல் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணை நின்றார். மொழிபெயர்ப்பைச் சென்னைக்கு எடுத்துச் சென்று தமிழ்ப் புலவர் மகாலிங்கையர் முன் வைத்து, நடை நன்று என்று ஒப்புதலும் பெற்றார்கள். அந்த வேதாகமம் 1850இல் அச்சேறியது.

ஆண்டுக்கணக்கில் வேதாகமத்தின் ஒவ்வொரு வசனத்தோடும் மல்லாடிய அந்த இளைஞர் கிறிஸ்தவராகவில்லை. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். வாரந்தோறும் பிரசங்கம் என்ற முறை போதகர்களிடம் அவர் கண்டது. 1848இல் பேர்சிவலின் பள்ளியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கினார். படிப்படியாக ஏறும் பாலபாடங்கள், சைவ வினாவிடை, துண்டுப் பிரசுரம், பெரியபுராண வசனம் என்று அவர் கை வைத்ததெல்லாம் மிஷன் காட்டிய முறையில் அமைந்தது. 1854இல் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ நூலில் வேதாகமத்தைக் கொண்டே வாதாடினார். யூதர்களின் ஆலயத்தில் தூபமும் தீபமும் பலியும் அபிஷேகமும் தேவ கட்டளை என்றால், எங்கள் ஆலயத்தில் மட்டும் அவை எப்படி அஞ்ஞானமாகும் என்று கேட்டார். வேதாகமத்தை அவரளவு ஊன்றிப் படித்த போதகர்கள் அன்று அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

நாவலரை மிஷனின் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் நூலை ஒருவனுக்கு முழுமையாகக் கற்பித்து, தன் அச்சு முறையையும் பள்ளி முறையையும் ஒளிக்காமல் காட்டி, அவன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகு வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் அவனை விட்ட ஊழியம், ஒல்லாந்தரின் தோம்பில் ஏறிய ஆயிரமாயிரம் பெயர்களைவிட நேர்மையானது. நாவலரால் மறுக்க முடிந்தது என்பதே, அந்தக் காலத்தில் ஏற்றவர்களின் ஏற்புக்கும் பொருள் கொடுக்கிறது. மறுக்க இயலாத இடத்தில் ஏற்பு என்று ஒன்று கிடையாது.

மறுக்கவும் ஏற்கவும் முடியாதவர்கள்

இந்த இடத்தில் வரலாற்றை மூடிவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். 1847இல், பேர்சிவலின் பள்ளியில் நளவர் குலத்துச் சிறுவன் ஒருவனைச் சேர்த்தபோது, மேல்சாதி மாணவர்கள் பலர் வெளியேறினார்கள். நாவலரின் எழுச்சியும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வேகம் பெற்றது. அவர் கட்டிய பள்ளிகளும் அவர் வகுத்த சைவ ஆசாரமும் சாதி வரிசையைக் குலைக்கவில்லை, உறுதிப்படுத்தின. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் 1968இல்கூடப் போராட வேண்டியிருந்தது.

அந்தச் சிறுவனின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு மிஷன் பள்ளி என்பது தன்னை உள்ளே விட்ட முதல் வாசல். அவன் குலத்தார் கிறிஸ்தவத்தை நாடியிருந்தால் அது ஆசை காட்டி மயக்கிய வேலை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்ற ஆசையைவிட ஆன்மிகமான ஆசை எது? மேல்சாதிக்காரன் சமயம் மாறினால் தேடல் என்றும், ஒடுக்கப்பட்டவன் மாறினால் விலைபோதல் என்றும் பேசுவது இன்றும் நின்றபாடில்லை. ஏழைக்கும் மனசாட்சி உண்டு. அவன் முடிவும் முடிவுதான்.

மிஷனும் இந்தச் சிறுவனுக்கு முழு நியாயம் செய்துவிடவில்லை. வெள்ளாளர் வீட்டுப் பிள்ளைகள் இல்லாமல் பள்ளி நடக்காது என்ற கணக்கு பல இடங்களில் சமத்துவத்தை ஒத்திப்போட வைத்தது. சபைகளுக்குள்ளும் சாதி புகுந்து பெஞ்சுகளைப் பிரித்தது. தன் வீட்டுக்குள் சமத்துவம் இல்லாமல் அடுத்த வீட்டாருக்கு அதைப் போதிக்கும் சபையை யாரும் நம்ப மாட்டார்கள்.

தலையெண்ணிக்கை கொன்ற பள்ளி

1855இல் பாஸ்டனிலிருந்து சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் வந்து பார்வையிட்டார். நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகும் சபை உறுப்பினர் சில நூறு பேர்தான். செமினரியில் ஆங்கிலம் படித்தவர்கள் போதகர்களாகாமல் அரசு உத்தியோகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். செலவுக்கு ஏற்ற மனமாற்றம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது.

அந்த மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரியும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பட்டத் தேர்வை நடத்தியபோது தேறிய இருவரும் வட்டுக்கோட்டையின் பழைய மாணவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து, பின்பு சைவத்தைத் தழுவியவர். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளை மீட்டவர்களில் உ. வே. சாமிநாதையருக்கு முந்தியவர். செமினரியின் இன்னொரு மாணவர் ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை, கிறிஸ்தவராகவே வாழ்ந்து, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ தந்தார். ஒருவர் மறுத்தார், ஒருவர் ஏற்றார். தமிழுக்கு இருவரும் வேண்டியிருந்தார்கள். ஆண்டர்சனின் கணக்கேட்டில் இதற்கெல்லாம் பத்தி இல்லை. சபைகளின் ஆண்டறிக்கைகளில் இன்றும் தலையெண்ணிக்கைதான் முதல் பக்கத்தில் வருகிறது.

மானிப்பாயின் வைத்தியர்

தலையெண்ணிக்கைக்கு வெளியே நின்று ஊழியம் எதுவாக இருக்க முடியும் என்று காட்டியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் மாசசூசெட்ஸிலிருந்து வந்தார். மானிப்பாயில் மருத்துவ நிலையம் நடத்தினார். அவர் தன் விசுவாசத்தை மறைக்கவில்லை. நோயாளர் கூடும் காலையில் ஜெபமும் வேத வாசிப்பும் நடக்கும். அதன் பிறகு மருந்து எல்லோருக்கும் உண்டு. சபையில் சேர்ந்தவனுக்கு ஒரு மருந்து, சேராதவனுக்கு ஒரு மருந்து என்று அவர் பார்த்ததில்லை.

அவருடைய பெரிய முடிவு, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது. 1864 முதல் வகுப்புகள் தமிழில் நடந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். பாடநூல் இல்லை என்றதும் தன் மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ என்று வரிசையாக நூல்கள் வந்தன. லண்டனில் 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்துவிட்டது. கிறிஸ்தவரானவர்கள் கால்சட்டையும் கோட்டும் அணிந்து ஐரோப்பியராக மாற வேண்டியதில்லை, தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1873இல் உடல் தளர்ந்து ஊர் திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884இல் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியர் என்பதே அவருடைய கல்லறையில் பொறித்த அடையாளம்.

கிறீனின் நூல்களைப் படிக்க ஞானஸ்நானம் தேவையில்லை. அவற்றை விரித்துப் படித்து வைத்தியனான பிறகு அவரையே மறுக்கலாம். ஒரு சமூகத்தின் பொதுச் சொத்தாகும்படி ஒன்றைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு எதையும் கட்டாயமாக்காமல் விலகி நிற்பது: தன் செய்தியில் உண்மையான நம்பிக்கை உள்ளவருக்குத்தான் அது முடியும். செய்தியின் பலத்தில் நம்பிக்கை குறையும்போதுதான் சோற்றையும் மருந்தையும் தூண்டிலாக்கத் தோன்றும்.

கற்பிக்க வந்தவர்கள் கற்றது

பூவருக்குப் பின் செமினரியின் அதிபராக இருந்த ஹென்றி ஹொய்சிங்டன், சைவத்தை மறுப்பதற்காகவே அதைப் படிக்கத் தொடங்கியவர். படிக்கப் படிக்க அதன் ஆழம் அவரைப் பிடித்துக்கொண்டது. சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தத்துவக் கட்டளையையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அமெரிக்க ஓரியண்டல் சொசைட்டியின் இதழில் 1850களின் தொடக்கத்தில் அவை வெளிவந்தன. சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரை அமெரிக்க வாசகருக்கு அறிமுகம் செய்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய ஒரு மிஷனரி.

நூறாண்டுக்குப் பின் அந்த மரபு முதிர்ந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதல் பேராயரானார் சபாபதி குலேந்திரன். கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்னும் கொள்கை எப்படி அமைந்திருக்கிறது என்று ஒப்பிட்டு 1964இல் ஒரு பெருநூல் எழுதினார். அண்டை வீட்டாரின் வேதத்தை அதன் உயர்ந்த இடத்தில் வைத்துப் படித்துவிட்டு, அதன் பின் தன் விசுவாசத்தைச் சொல்லும் முறை அது. ஏளனத்தோடு தொடங்கிய 1840களின் துண்டுப் பிரசுரங்களிலிருந்து இந்த நூல் வரை வந்த தூரமே, என் பார்வையில், யாழ்ப்பாண சபையின் உண்மையான வளர்ச்சி.

ஒரு குடும்பத்தையும் நினைத்துப் பார்க்கலாம். சைவத்துக்குத் திரும்பிய தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் போதகரானார். அந்தக் கிறிஸ்தவப் போதகர், ஜி. இ. பிலிப்ஸோடு சேர்ந்து, தேவார திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1921இல் வெளியிட்டார். தந்தை ஒரு வழி, மகன் ஒரு வழி. இருவரையும் தமிழ் ஒன்றாக வைத்திருந்தது. இருவருக்கும் தங்கள் வழியைத் தாங்களே தெரிந்துகொள்ளும் சுதந்திரம் இருந்தது.

இன்றைக்கு

அந்தச் சுதந்திரத்தை இன்று இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்குகிறார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவனிடமும், வெள்ளத்தில் வீடிழந்து நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பவளிடமும், பெற்றோர் அறியாத சிறு பிள்ளையிடமும் மதம் பேசும் குழுக்கள் இருக்கின்றன. அண்டை வீட்டாரின் தெய்வத்தைப் பேய் என்று ஒலிபெருக்கியில் சொல்வோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணம் சொல்லும் பாடம் கடுமையானது. மறுத்தால் எதையாவது இழக்க வேண்டியிருக்கும் ஒருவரிடம் விசுவாசத்தைப் பேசாதீர்கள். முதலில் அவர் கையில் சோறும் மருந்தும் சேரட்டும். அவர் எழுந்து நின்று, விரும்பினால் கேட்கட்டும்.

மறுபக்கம், மதமாற்றத்தைச் சட்டத்தால் தடுக்கப் புறப்படுவோர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இலங்கையிலும் 2004இல் அத்தகைய மசோதா முன்வைக்கப்பட்டது. அதன் சில பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல், மதத்தைப் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: முடிவெடுக்கும் உரிமை சொல்பவருடையதல்ல, கேட்பவருடையது. அப்படியானால் கேட்பவர் சரி என்று சொல்லும்போதும் அது அவருடைய முடிவுதான். அதற்கு அதிகாரியின் அனுமதிச் சீட்டு கேட்பது, தோம்பை வேறு கையில் திறப்பதாகும். அன்று சபையில் சேர ஏட்டில் பெயர் வேண்டும் என்றார்கள். இன்று சபையில் சேர்ந்ததற்கு ஏட்டில் கணக்குக் கொடு என்கிறார்கள். இரண்டிலும் மனசாட்சிக்குக் காவலாளி அரசு.

வேண்டாம் என்பதும் சரி என்பதும் ஒரே உரிமையின் இரண்டு சொற்கள். நாவலரின் மறுப்பைக் கொண்டாடுபவர், பெயர் தெரியாத அந்த நளவர் சிறுவனின் ஏற்பையும் மதிக்க வேண்டும். அவனுக்குக் கதவு திறந்ததைக் கொண்டாடும் சபை, நாவலர் கதவைச் சாத்திவிட்டுப் போனதையும் மதிக்க வேண்டும். பல சமயத்தார் வாழும் நாட்டில் சபை செய்யக்கூடிய ஊழியத்துக்கு இதைவிடச் சிறந்த அளவுகோலை நான் அறியேன்: உங்கள் பள்ளியில் படித்து, உங்கள் மருத்துவமனையில் குணமாகி, உங்கள் வேதத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், மறுநாள் அவர் பிள்ளைக்கு உங்கள் பள்ளியில் அதே இடம் இருக்கிறதா?

அடுத்த வாரம்: பாளையங்கோட்டையில் ரேனியஸ்.

(தொடரும்)